கோழிக்குஞ்சு கொடுத்துப் பார்த்தவர்

தகுதிகாண் பருவத்தைப் பற்றி அரசுப் பணி விதிகள் சொல்வது மிகவும் தெளிவானது. பருவம் முடிந்ததும் ஆள் திருப்தி என்றால் நிரந்தரம் செய்ய வேண்டும். திருப்தி இல்லையென்றால் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். இரண்டுக்கும் மனம் வரவில்லையென்றால், காரணத்தை எழுத்தில் பதிந்துவிட்டு, குறிப்பிட்ட காலத்துக்கு நீட்டிக்கலாம். ஒன்றும் செய்யாமல், ஒன்றும் சொல்லாமல், ஓர் ஆளை அந்தரத்தில் நிறுத்திவைத்துப் பார்த்துக்கொண்டே இருக்க எந்த அதிகாரிக்கும் உரிமை கிடையாது. பணியில் இருந்த காலம் முழுவதும் இந்த விதியை எத்தனையோ பேருக்காக மேலிடத்துக்கு எடுத்துக்காட்டிக் குறிப்பு எழுதியிருக்கிறேன். எனக்காக எடுத்துக்காட்ட வேண்டியிருந்த ஒரே இடத்தில் அது செல்லுபடியாகவில்லை. அங்கே அதிகாரி, பெங்களூர் பிரேசர் டவுனில் குடியிருந்த ஓர் அம்மாள். நான் விண்ணப்பித்திருந்த பதவி, அவர் எடுத்து வளர்த்த தங்கை மகள் எஸ்தருக்குக் கணவன்.

அந்த அம்மாள் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி ஒன்றின் பெண்கள் விடுதியில் மேட்ரனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் எல்லோருக்கும் மேட்ரனம்மாதான். வெள்ளைப் புடவை, கறுப்புக் குடை, இடுப்பில் செருகிய கைக்குட்டை. யார் வீட்டுக்குப் போனாலும் நாற்காலியைக் கைக்குட்டையால் ஒரு துடை துடைப்பார். துடைத்துவிட்டு உட்காரமாட்டார், முதலில் கைக்குட்டையைப் பார்ப்பார். அது சொல்வதைப் பொறுத்துத்தான் உட்காருவது. காப்பி கொடுத்தால், கொடுத்தவர் ஒரு வாய் குடிக்கும்வரை டம்ளர் மேசையிலேயே இருக்கும்.

விடுதியில் ஒரு பெண் காய்ச்சல் என்று படுத்தால், தெர்மாமீட்டரை முதலில் தன் வாயில் வைத்துப் பார்ப்பாராம். பெண்ணைச் சந்தேகப்படும் மேட்ரன்கள் எல்லா விடுதியிலும் உண்டு. தெர்மாமீட்டரைச் சந்தேகப்பட்டவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

எங்கள் கோயிலில் பாஸ்டர் பிரசங்கத்தின் நடுவே அதிகாரமும் வசனமும் சொல்லி மேற்கோள் காட்டுவார். சபை முழுக்கத் தலையாட்டும். இவர் மட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பைபிளைத் திறந்து, அந்த வசனம் அங்கேதான் இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் மூடிவிடுவார். இல்லாத நாட்களும் இருந்திருக்க வேண்டும். பாஸ்டர் பிரசங்க மேடையிலிருந்து அந்த பெஞ்சின் பக்கமே திரும்பாததற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

யாராவது மனம் பொறுக்காமல் கேட்டுவிட்டால் அவரிடம் ஒரே பதில்தான்: "நான் யாரையும் சந்தேகப்படறதில்லை. பாக்கிறேன், அவ்வளவுதான்."

இது ஐம்பதுகளின் நடுப்பகுதி. நான் செக்ரெடேரியட்டில் குமாஸ்தா. அம்மா இறந்துபோய், நானும் அப்பாவுமாக ஒக்கலிபுரத்தில், ரயில்வே ஸ்டேஷன் சத்தம் கேட்கும் தூரத்தில், ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஜோலார்பேட்டைப் பக்கத்துப் பேச்சு கடைசிவரை அவரை விட்டுப் போகவில்லை, ரயில்வேயும் போகவில்லை. வீட்டில் இரண்டு நாய்கள். இளசாக, எதற்கும் பாய்ந்துகொண்டிருந்ததற்கு மெயில் என்று பெயர் வைத்திருந்தார். கிழடாக, ஒவ்வொரு தூணிலும் நின்று நின்று நடந்ததற்குப் பாசஞ்சர்.

எஸ்தர் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. கோயில் பாடகர் குழுவில் பாடினாள். நானும் பாடினேன், அவள் பாடியதால். பாஸ்டர் மூலமாகப் பெண் கேட்டோம். மேட்ரனம்மா, "வீட்டை வந்து பாக்கிறேன்" என்றார். என்றைக்கு என்று சொல்லவில்லை.

வந்த அன்று அப்பா பனியனோடு மெயிலுக்கு உண்ணி எடுத்துக்கொண்டிருந்தார். அம்மாள் கைக்குட்டைச் சடங்கை முடித்து உட்கார்ந்தார். தண்ணீர்ப் பானையின் மூடியைத் திறந்து பார்த்தார். மெயிலின் கழுத்துப் பட்டையைத் திருப்பி, கார்ப்பரேஷன் நாய் லைசென்ஸுக்குக் கொடுத்த பித்தளை வில்லையில் எந்த வருஷம் அடித்திருக்கிறது என்று படித்தார். நடப்பு வருஷம்தான், அந்த மாதிரி விஷயங்களை நான் தவறவிடுவதில்லை. மெயில் அவர் புடவையை முகர்ந்து உறுமியது.

"ஒண்ணும் பண்ணாதுங்க மேட்ரனம்மா," என்றார் அப்பா.

"நாய் வளக்கிறவங்க எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க, கார்டு சார்."

"நெஜமாவே ஒண்ணும் பண்ணாதுங்க."

"இதையும் சொல்றாங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, துணி மூடிய ஒரு பிரம்புக் கூடையை அப்பாவின் கையில் கொடுத்தார். உள்ளே ஒரு கோழிக்குஞ்சு. பிறந்து ஒரு வாரம் இருக்கலாம். மஞ்சள் உடம்பு, முதுகில் பழுப்புக் கோடு. இடது காலில் ஒரு விரல் உள்பக்கமாக வளைந்திருந்தது.

"உங்க வீட்டுல வளத்துக் குடுங்க. முட்டை போடற வரைக்கும் உசிரோட இருந்தா, மேற்கொண்டு பேசலாம்."

அப்பா கூடையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எதுக்கும்மா இது?"

"ரெண்டு ஆம்பளை, ரெண்டு நாய். பொம்பளை இல்லாத வீடு. தன்னால ஒண்ணும் செஞ்சுக்க முடியாத ஒரு ஜீவன் அங்க எப்படி இருக்கும்னு பாக்கணும்."

நான் நடைமுறைச் சிக்கலை எழுப்பினேன். "அது சேவலா இருந்தா முட்டை போடாதே?"

"அதையும் பாத்துக்கலாம் தம்பி," என்றார்.

வழியெல்லாம் அப்பா பொருமிக்கொண்டே வந்தார். "இன்னாடா இது? பொண்ணு கேக்கப் போனா கோழி குடுத்து அனுப்பறாங்க. கம்முனு குழம்பு வெச்சுட்டு, வேற எடம் பாக்கலாம்." வீட்டுக்கு வந்ததும் தம்முடைய பழைய கார்டு பெட்டியைக் கொல்லையிலிருந்து இழுத்துவந்து, கொடிகளையும் தண்டவாளத்தில் வைக்கும் எச்சரிக்கைப் பட்டாசையும் ஒரு காலத்தில் சுமந்த அந்த மரப்பெட்டியில் ஆணியால் ஓட்டை போட ஆரம்பித்தார். பெங்களூர்க் குளிருக்குக் குஞ்சு தாங்காது என்று கை விளக்கை ஏற்றி உள்ளே வைத்தார். சிவப்புக் கண்ணாடியைத் திருப்பவில்லை. பச்சையைத்தான் குஞ்சின் பக்கம் வைத்தார். குஞ்சுக்கு டிராலி என்று பெயரும் வைத்துவிட்டார். தண்டவாளத்தைச் சோதிக்க ஆட்கள் தள்ளிக்கொண்டு போவார்களே, அந்தச் சின்ன வண்டி.

நாய் இருக்கும் வீட்டில் கோழிக்குஞ்சு வளர்ப்பது பொறுமையின் வேலை. கண்டிப்பின் வேலை என்று நான் முதலில் தப்பாக நினைத்திருந்தேன். குஞ்சு படுத்த சாக்குத் துண்டை எடுத்து நாய்கள் படுக்கும் இடத்தில் போட்டோம்; நாய்களின் சாக்கைப் பெட்டிக்கு அடியில் போட்டோம். வாடை பழகட்டும் என்று. நாய்களுக்கு வயிறு நிறையச் சோறு போட்ட பிறகுதான் பெட்டி திறக்கும். அப்பா குஞ்சை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்காருவார். பாசஞ்சர் வந்து முகரும், நாக்கில் எச்சில் ஊறும். "ஹால்ட்" என்பார் அப்பா. அது படுத்துக்கொள்ளும். எழுந்தால் மறுபடி "ஹால்ட்". மெயிலைச் சங்கிலியில் கட்டிவைத்து, அது பாய்கிற ஒவ்வொரு முறையும் மூக்கின் மேல் மடித்த செய்தித்தாளால் ஒரு தட்டு. செய்தித்தாளுக்கு அப்படி ஒரு பயன் இருப்பது அந்த வருஷம்தான் எனக்குத் தெரிந்தது.

முதலில் பாசஞ்சர்தான் வழிக்கு வந்தது. குருணை பொறுக்கிக்கொண்டே டிராலி அதன் முன்னங்காலுக்கு இடையில் போய் நிற்கும். கிழட்டு நாய் மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருக்கும். பிறகு அதன் வயிற்றோடு ஒட்டிக் குஞ்சு தூங்கவும் ஆரம்பித்தது. மெயிலும் நாளடைவில் பாய்வதை விட்டது. ஆனாலும் யாரும் பக்கத்தில் இல்லாதபோது அதை அவிழ்த்துவிட்டதில்லை. அப்பா சொன்னார்: "பாசஞ்சர் எங்க நிக்கும்னு நமக்குத் தெரியும். மெயில் எங்க நிக்காதுன்னும் தெரியும்."

மேட்ரனம்மா வந்துகொண்டிருந்தார். ஒரு தடவை வாசல் வழியாக. ஒரு தடவை பக்கத்து வீட்டுக் கொல்லை வழியாக, அந்த வீட்டுக்காரரிடம் என்ன சொன்னாரோ, வேலி தாண்டி. ஒரு தடவை அப்பா பென்ஷன் வாங்கப் போயிருந்த நேரம், நான் சவரம் செய்துகொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் நின்றார். கண்ணாடியில் திடீரென்று குடை தெரிந்தது; கன்னத்தில் வெட்டிக்கொண்டேன்.

"நாய் எங்க?"

"கட்டியிருக்கும்மா."

"நான் வர்றேன்னு தெரிஞ்சு கட்டினீங்களா?"

"நீங்க வர்றது உங்களுக்கே தெரியாதேம்மா," என்றேன், சோப்பு நுரையோடு. அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டதுபோல் தெரிந்தது.

பாட்டுப் பயிற்சி முடிந்து வாசல்வரை நடக்கிற தூரத்தில்தான் எஸ்தரோடு பேச முடியும். ஒரு சனிக்கிழமை நான் சலித்துக்கொண்டேன். "உங்க பெரியம்மாவுக்கு எங்க வீட்டு மேல என்ன அவ்வளவு சந்தேகம்?"

எஸ்தர் பாட்டுப் புத்தகத்தை மார்போடு அணைத்தபடி நடந்தாள். "எங்க அக்காவ கோலார் தங்கவயல்ல குடுத்தாங்க. உங்களுக்குத் தெரியுமா?"

"கேள்விப்பட்டேன்."

"பாஸ்டர் நல்ல குடும்பம்னு லெட்டர் குடுத்தாரு. ஹெட்மாஸ்டர் குடுத்தாரு. அங்க இருந்த டாக்டர் ஒருத்தரும் குடுத்தாரு. பெரிம்மா எல்லாத்தையும் படிச்சுட்டு சரின்னாங்க. யாரும் போய்ப் பாக்கல. ஒரு வருஷத்துல அக்கா ஒரு டிரங்குப் பெட்டியோட திரும்பி வந்துட்டா. இப்ப ஒரு காது கேக்காது."

கேட் வந்துவிட்டது.

"லெட்டரெல்லாம் இன்னும் பெரிம்மாகிட்டதான் இருக்கு," என்றாள். "நல்ல கையெழுத்து எல்லாருக்கும்."

அதற்குப் பிறகு அந்த அம்மாளின் குடையைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருவது பாதியாகக் குறைந்தது. முழுதாகப் போகவில்லை.

கிறிஸ்துமஸ் போய், அவரைக்காய் சந்தைக்கு வந்துவிட்ட சமயம். டிராலிக்கு இறகு முளைத்து, மஞ்சள் போய், பழுப்பும் வெள்ளையுமாக ஒரு சின்னக் கோழியின் உருவம் வந்திருந்தது. ஒரு சனிக்கிழமை நான் அரைநாள் முடிந்து வீட்டுக்கு வந்தபோது மேட்ரனம்மா வந்து போய்விட்டிருந்தார். வழக்கம்போல் சோதனை, வழக்கம்போல் காப்பி என்றார் அப்பா.

சாயங்காலம் பெட்டியைத் திறந்து கோழியை விட்டோம். அது நேராக நடந்து பாசஞ்சரின் பக்கம் போனது. பாசஞ்சர் எழுந்து நின்றது. கழுத்து மயிர் சிலிர்த்தது. அந்த நாய் உறுமி நான் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அந்தப் பக்கம் மெயில் சங்கிலியை அறுத்துவிடும்போல் இழுத்தது. அப்பா "ஹால்ட்" என்று கத்தி, கோழியை அள்ளிப் பெட்டிக்குள் போட்டு மூடினார்.

"நாய்ங்களுக்கு இன்னாவோ ஆயிடுச்சுடா," என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் அவர் குளிக்கப் போயிருந்த நேரத்தில் கோழியின் காலைத் தூக்கிப் பார்த்தேன். இடது கால். எல்லா விரல்களும் நேராக இருந்தன. வலது காலையும் பார்த்தேன். அதிலும் நேர்.

எனக்கு விஷயம் உடனே விளங்கிவிட்டது. காலை முழுவதும் வீட்டில் இருந்தது அப்பா ஒருவர்தான். சங்கிலியை அவிழ்த்துவிட்டிருப்பார். மெயில் தன் வேலையைக் காட்டியிருக்கும். மார்க்கெட்டுக்கு ஓடிப்போய் அதே நிறத்தில் ஒன்றை வாங்கிவந்து வைத்துவிட்டார், மகனின் கல்யாணம் நின்றுவிடக்கூடாதே என்று. கிழவரைக் கேட்டு அவமானப்படுத்த மனம் வரவில்லை. அவரோ அன்று முழுக்க என்னிடம் அளவுக்கு மீறிய அன்பாக இருந்தார். என் தட்டில் அவரே சோறு போட்டார். அதுவும் என் சந்தேகத்துக்குச் சாதகமான சாட்சியமாகத்தான் பட்டது.

இரண்டு நாள் இப்படி ஓடியது. மூன்றாவது நாள் ஆபீசுக்குக் கிளம்பும்போது என்னால் அடக்க முடியவில்லை.

"அப்பா, கோபப்படமாட்டேன். உண்மைய சொல்லிடுங்க. டிராலிய எந்த நாய் தின்னுச்சு?"

அப்பா காப்பியைக் கீழே வைத்தார். "அதத்தாண்டா நான் உன்ன கேக்கலாம்னு இருந்தேன்."

"என்னையா?"

"வெள்ளிக்கெழம காலைல கொல்லக் கதவ தொறந்து போட்டுட்டுப் போனது நீதான? போனாப் போவுது, புள்ள ஆசப்பட்டுட்டான், ராவோட ராவா வேற கோழி வாங்கி வெச்சுட்டான்னு நானும் வாய மூடிக்கினு இருக்கறேன்."

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு நாளாக அவரவர் மற்றவரை மன்னித்துக்கொண்டு இருந்திருக்கிறோம். பிறகு இருவருமாகச் சேர்ந்து நாய்களைப் பார்த்தோம். ரத்தம் இல்லை, இறகு இல்லை. நாய் தின்றிருந்தாலும், மார்க்கெட்டுக்குப் போய் மாற்றுக் கோழி வாங்கிவரும் நாய் எங்கள் வீட்டில் இல்லை.

"இப்ப இன்னா செய்யலாம்னுற?" என்றார் அப்பா.

"போய்ச் சொல்லிடணும்."

"எதுக்கு? முட்ட போட்டா போதும்னாங்க. எந்தக் கோழி போடணும்னு எழுதிக் குடுத்தாங்களா? அந்தம்மாவுக்கு வெரல் வெவகாரம் தெரியாது."

"தெரிஞ்சிருந்தா?"

"தெரியாதுன்னு வெச்சுக்கோ."

"அப்ப எஸ்தருக்கு என்ன சொல்றது?"

அப்பா காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பணியில் சேரும்போது ஓர் உண்மையை மறைத்தவனை எத்தனை வருஷம் கழித்தும், எத்தனை நல்ல வேலை செய்திருந்தாலும், அந்தக் காரணத்துக்காகவே வெளியேற்றலாம் என்று ஒரு விதி உண்டு. அந்த விதியோடு முப்பது வருஷம் குடித்தனம் செய்ய எனக்குத் தைரியம் இல்லை. அன்று ஆபீசுக்கு அரைநாள் லீவு எழுதிக்கொடுத்துவிட்டு பிரேசர் டவுனுக்குப் போனேன். கல்யாணம் போய்விட்டது என்ற முடிவோடுதான் போனேன்.

மேட்ரனம்மா முன்கூடத்தில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் எஸ்தரின் அக்கா, தலையைக் கொஞ்சம் சாய்த்தபடி, உரித்த கொட்டைகளைத் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு சனிக்கிழமை இல்லையே தம்பி. கோழி செத்துப்போச்சா?"

"தெரியலம்மா. ஆனா எங்க வீட்டுல இப்ப இருக்கிறது நீங்க குடுத்த கோழி இல்ல."

கை நிற்கவில்லை. "எப்படித் தெரியும்?"

"நீங்க குடுத்ததுக்கு இடது கால்ல ஒரு விரல் வளைஞ்சிருக்கும். இதுக்கு இல்ல. நாய்ங்களும் இத சேத்துக்கல."

"யார் மாத்தினது?"

"தெரியல. நான் மாத்தல. அப்பாவும் மாத்தலன்னு சொல்றாரு."

"அப்பா சொன்னதும் நம்பிட்டீங்களா?"

"நம்பறேன்."

"ஏன்?"

"அவர் மாத்தியிருந்தா இதவிட நல்ல கோழியா பாத்து வாங்கியிருப்பாரு."

அம்மாள் கடைசிக் காயை உரித்துப் போட்டுவிட்டு, உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். "எஸ்தர், அதைத் திறந்து விடு."

கொல்லைப் பக்கத்திலிருந்து ஒரு கோழி உள்ளே ஓடிவந்தது. பழுப்பும் வெள்ளையும். சமையலறை வாசலில் நின்று, வளைந்த விரலைத் தரையில் ஊன்றியபடி, என்னை ஒரு கண்ணால் பார்த்தது. அதன் பின்னால் எஸ்தர், தலை குனிந்து. அவளுக்கும் முன்பே தெரிந்திருக்கிறது. சொல்லக்கூடாது என்று உத்தரவு.

"நான்தான் மாத்தினேன்," என்றார் மேட்ரனம்மா. "உங்கப்பா காப்பி போட உள்ள போனாரு. பையில போட்டுக்கிட்டு வந்தேன்."

"எதுக்கும்மா?"

"குஞ்சு செத்துப்போனா எல்லாரும் வந்து சொல்லத்தான் செய்வாங்க. அதை மறைக்க முடியாது. மறைக்க முடியற ஒண்ணை யார் வந்து சொல்றாங்கன்னு பாக்கணும்."

"அந்தக் கோழிய நாய் கிழிச்சுப் போட்டிருந்தா?"

அவர் மடியில் விழுந்திருந்த தோல்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கூடையில் போட்டார். "அதையும் யோசிச்சேன்," என்றார். யோசித்து என்ன முடிவுக்கு வந்தார் என்று சொல்லவில்லை. ஓர் உயிரைப் பணயமாக வைத்துப் பார்த்திருக்கிறார்; அது அவருக்குத் தெரியாமல் இல்லை. அந்த இடத்தில்தான் எனக்கு முதல்முறையாக அவரிடம் பயம் வந்தது. பயம் வந்ததும் கோபம் வந்தது.

"எதுக்கும் ஒரு முடிவு உண்டும்மா. சர்க்கார்லயே புதுசா சேர்ந்தவன இப்படி நிக்க வெச்சிருக்க முடியாது. சரின்னா சரின்னு சொல்லணும். இல்லன்னா இல்லன்னு சொல்லணும். ரெண்டும் சொல்லாம வெச்சிருக்க விதி கெடையாது."

"சர்க்கார்ல ஆள் சரியில்லன்னா வேற ஆளைப் போட்டுக்கலாம் தம்பி." அவர் அக்காவின் பக்கம் பார்க்கவில்லை, ஆனால் அந்தப் பக்கம்தான் பேசியதுபோல் இருந்தது. "யோசிச்சுப் பதில் எழுதி அனுப்பறேன்."

டிராலியைத் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

விஷயத்தைக் கேட்ட அப்பா சமையலறைக்குள் போய், அங்கிருந்து கொல்லை தெரிகிறதா என்று எட்டிப் பார்த்தார். பிறகு, "நான் காப்பி போடற நேரத்துலயா?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு எந்த விருந்தாளி வந்தாலும் அவர் காப்பியைத் திண்டாடித் திண்டாடி, ஒரு கண்ணை வெளியே வைத்துக்கொண்டே போட்டார். மாற்றாக வந்த கோழிக்கு, அட்டவணையில் இல்லாமல் வந்ததால், ஸ்பெஷல் என்று பெயர் வைத்தார். அதை என்ன செய்வது என்ற கேள்வியை நாங்கள் இருவரும் எழுப்பவில்லை. மறுபடி சாக்குத் துண்டு, மறுபடி உள்ளங்கை, மறுபடி ஹால்ட். இந்த முறை பாசஞ்சருக்கே அதிக நாள் பிடித்தது. ஒரு முறை ஏமாந்த நாய்.

பதில் வரவில்லை. தபால்காரர் தெருமுனையில் திரும்பினாலே அப்பா வாசலுக்கு வந்துவிடுவார். எஸ்தரைக் கேட்டால், "என்கிட்டயும் சொல்லல" என்றாள். அவள் சொல்வது உண்மையா என்று யோசித்தேன். யோசிக்கிறேன் என்பது தெரிந்ததும் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. மேட்ரனம்மா எழுதுகிறேன் என்றது வெறும் பேச்சோ? வேறு எங்காவது இன்னொரு வீட்டுக்கும் ஒரு குஞ்சு கொடுத்திருக்கிறாரோ? பெங்களூரில் இன்னும் எத்தனை கார்டு பெட்டிகளில் எத்தனை கோழிகள் வளர்கின்றனவோ? இப்படியெல்லாம் போயிற்று புத்தி.

ஆபீஸ் விடுமுறை நாள் ஒன்றில் பிரேசர் டவுனுக்குப் போனேன். முன்வாசலுக்குப் போகவில்லை. பின்பக்கச் சந்து வழியாகப் போய், வேலியோரம் நின்று எட்டிப் பார்த்தேன்.

மேட்ரனம்மா கிணற்றடியில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் டிராலி. அதன் இறக்கையை விரித்து, இறகுகளை ஊதி ஊதி விலக்கி, கண்ணாடி வழியாக அடிவரை பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் பார்த்துவிட்டு அந்தப் பக்கம். அக்கா எதிரில் நின்று துணி பிழிந்துகொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்கும் காதுப் பக்கமாக அம்மாள் குரலை உயர்த்திச் சொன்னார்:

"ஒரு பேன் கூட இல்லடி. ரெண்டு ஆம்பளைங்க. ஒரு பேன் இல்லாம வளத்திருக்காங்க."

வழக்கில் தோற்ற வக்கீலின் குரல் அது. அக்கா பிழிந்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தாள். சத்தமாக, வாயை மூடாமல். அவள் சிரித்து அதுவரை நான் பார்த்ததில்லை. அம்மாளும் பார்த்து நாளாகியிருக்க வேண்டும்; கோழியின் இறக்கையைப் பிடித்தபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு, வேலிப் பக்கம் திரும்பாமலே, "உள்ள வாங்க தம்பி," என்றார். "கொல்லை வழியா வர்றது நான் ஒருத்திதான்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்."

வேலியின் இடைவெளி வழியாக உள்ளே போனேன். சட்டையில் முள் கிழித்தது.

"சந்தேகம் இல்லம்மா," என்றேன். "பாக்க வந்தேன்."

"என்ன பாத்தீங்க?"

"அக்கா சிரிக்கிறத."

அவர் டிராலியைத் தரையில் இறக்கிவிட்டார். புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்து, எனக்குக் காப்பி கொண்டுவரச் சொன்னார். அன்றைக்கும் நான் ஒரு வாய் குடிக்கும்வரை அவர் தம் டம்ளரைத் தொடவில்லை. காப்பி அவர் வீட்டுக் காப்பி என்பதை நினைவூட்டினேன். "பழக்கம்," என்றார்.

மார்ச் மாத வெயில் ஏறிய ஒரு நாள் ஸ்பெஷல் கார்டு பெட்டிக்குள் முட்டை போட்டது. அப்பா அதைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, சட்டைகூட மாற்றாமல் பிரேசர் டவுனுக்குப் பஸ் ஏறிவிட்டார். நடந்ததை அவரே வந்து சொன்னார். மேட்ரனம்மா முட்டையை வாங்கி வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்திருக்கிறார். திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார்.

"எந்தக் கடையில வாங்கினீங்க, கார்டு சார்?"

"அம்மா, தொட்டுப் பாருங்க. இன்னும் சூடு ஆறல."

"இந்த வெயில்ல பஸ்ஸுல வந்தா கடையில வாங்கின முட்டையும் சூடாத்தான் இருக்கும்."

"நீங்க குடுத்த கோழிதாம்மா போட்டுது. ரெண்டாவதா குடுத்தது. அதக்கூட நாய் தொடல."

"அப்படியா," என்று சொல்லி முட்டையை உள்ளே கொண்டுபோனாராம். திரும்பி வரவில்லை. அப்பா கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்துவிட்டார். "அவ்ளோதாண்டா," என்றார் என்னிடம். "இனிமே நான் எதுவும் கேக்கமாட்டேன். ரெண்டு கோழி வளத்துட்டேன். மூணாவது வளக்க ஒடம்புல தெம்பு இல்ல."

கடைசியில் வந்தது ஒரு தபால் கார்டு. கூரான, சாயாத கையெழுத்து. முகவரியில் என் பெயருக்குக் கீழே அப்பாவின் பெயரும், அதற்குக் கீழே கதவு எண்ணும், தப்பில்லாமல் இருந்தன. விஷயம் இரண்டே வரி. 'நான் பார்த்த வரையில் குறை தெரியவில்லை. இனிமேல் எஸ்தர் பார்த்துக்கொள்வாள்.'

அப்பா கண்ணாடியைப் போட்டுப் படித்தார். கழற்றிவிட்டு இன்னொரு முறை படித்தார். "இது சரியா, இல்லையாடா?"

"சரிதான்னு நினைக்கிறேன்."

"லைன் கிளியர்தான? சும்மா தலைய ஆட்டாம சொல்லு."

சொன்னேன். அவர் கார்டை மெயிலின் மூக்குக்கு நேராக நீட்டி முகரவிட்டு, என்னிடம் கொடுத்தார்.

விதிகளின்படி அதை நிரந்தர உத்தரவு என்று சொல்ல முடியாது. தகுதிகாண் பருவம் முடிந்ததாக அதில் எங்கும் இல்லை. எவ்வளவு காலம் நீட்டிக்கப்பட்டது என்றும் இல்லை. கட்டுப்பாட்டு அதிகாரி மாறியிருக்கிறார், அவ்வளவுதான். ஆனாலும் பதில் பதில்தான். அதற்கு மேல்முறையீடு செய்ய நான் விரும்பவில்லை. அது கைக்குக் கிடைத்தது அந்த வருஷம் குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை, பிற்பகல் தபாலில்.